ஒரே பூம்பாறை, நாலு படம்

பூம்பாறைக்கு மேலே, எல்லாரும் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் அந்தச் சாலை வளைவு கொடைக்கானல் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். டவுனில் இருந்து 18 கி.மீ. கீழே ஊர், ஊருக்குள் குழந்தை வேலப்பர் கோயில், சுற்றிலும் படிக்கட்டு வயல்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரி விடியற்காலையில் அங்கே ட்ரைபாடு போட்டு ஒரு படம் எடுத்தேன். அந்த ஒரே ஃபைலைப் பிறகு நாலு தேவைக்காக நாலு விதமாக எடிட் செய்தேன். அதில் ஒன்றை நினைத்தால் இன்றும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

படத்தில் இருந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வயல்களில் பாதி வெறும் மண், மீதியில் பூண்டும் கேரட்டும். ஊரின் மேல் அடுப்புப் புகையும் பனிமூட்டமும் கலந்த வெள்ளைப் படலம். எதிர்ச் சரிவில் உறைபனியில் கருகி வைக்கோல் நிறமாகிப் போன புல். புல்லின் ஓரத்தில் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரங்கள், மலை மடிப்பில் ஒரு துண்டு சோலைக்காடு. அதற்குப் பின்னால் மூன்று மலைவரிசைகள், தூரம் போகப் போக நீலமாக. வலது மூலையில் ஒரு செல்போன் டவர்.

"எடிட் பண்ணாத ஒரிஜினல்தான் எனக்கு வேணும்" என்று கேட்டு ஸ்டுடியோவுக்கு வருபவர்கள் உண்டு. அப்படி ஒன்று இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். கேமரா சென்சாரில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதாவது ஒரு வடிகட்டிதான் இருக்கிறது. மற்ற இரண்டு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்துக்கும் 16,384 படிகள் உண்டு. ஜேபெக்கில் நிறத்துக்கு 256தான். நடுவில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று யாரோ முடிவு செய்தாக வேண்டும். நீங்கள் செய்யாவிட்டால் கேமரா செய்யும். போன் இன்னும் ஒரு படி மேல்: ஒரு கிளிக்குக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாகக் கலந்து தருகிறது. 'நோ ஃபில்டர்' என்று போட்டுப் பதிவிடுகிறவருக்காக அவருடைய போன் ஏற்கெனவே எடிட் செய்து முடித்திருக்கும்.

முதல் எடிட் எனக்காக, வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்வது கேமராவின் ஒளிமானிக்குப் பழக்கம். அதனால் வெள்ளைப் பனிமூட்டம் அழுக்கு வேட்டி மாதிரி விழுந்திருந்தது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்கு, ஏற்றினேன், பனி வெளுத்தது. விடியற்காலை நீலத்தை, வெள்ளையை வெள்ளையாகக் காட்டப் பார்க்கும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் 'சரிசெய்து' மஞ்சளாக்கி வைத்திருந்தது. ஒளியின் நிறத்தை 5500 கெல்வின் (நடுப்பகல் வெயிலின் அளவு) என்று கையால் வைத்ததும் குளிர் திரும்பி வந்தது. டவர் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவும் பூம்பாறைதானே.

இரண்டாவது எடிட் ஒரு பூண்டு விவசாயிக்காக. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அவர் தன் மூட்டைகளில் படம் அச்சிட ஆசைப்பட்டார். "தம்பி, எங்க வயலு தெரியணும், அவ்வளவுதான்" என்றார். சாக்கில் ஒரே பச்சை மைதான் விழும். மென்மையான சாயல் எதுவும் நிற்காது. அதனால் பனியை முழுக்க நீக்கி, காட்சியைக் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டைக் கடைசிவரை ஏற்றினேன். வானம் காணாமல் போனது, மலைகள் காணாமல் போயின, படிக்கட்டு வயல்களின் கோடுகள் மட்டும் மிச்சம். நாலு எடிட்டில் அதிகம் சிதைந்தது இதுதான். ஆனால் அந்தச் சாக்கைப் பார்த்து ஏமாந்தவர் ஒருவரும் இல்லை. பார்த்த உடனேயே அது அச்சு என்று தெரிகிறது.

ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் நிலவு எழும் காட்சி ஒன்றை எடுத்தார். அதே நெகட்டிவில் இருந்து பல பத்தாண்டுகள் பிரின்ட் போட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்பகாலப் பிரின்ட்களில் வானத்தில் மேகம் தெரியும், பிந்தையவற்றில் வானம் கிட்டத்தட்டக் கறுப்பு. அவரை யாரும் பொய்யர் என்று சொல்வதில்லை. வானத்தைக் கறுப்பாக்கினார், நிலவை நகர்த்தவில்லை. ஆனால் 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் அட்டையில் பொருந்துவதற்காக எகிப்து பிரமிடுகளை நெருக்கி வைத்தது. அதற்கு வாங்கிய திட்டு இன்றுவரை பேசப்படுகிறது.

மூன்றாவது, ஒரு கல்லூரி மாணவிக்கு. புல்வெளிக்குள் வாட்டில் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறது என்பதை வருடா வருடம் ஒரே இடத்தில் நின்று பதிவு செய்துகொண்டிருந்தார். இந்தப் படத்தில் என் கைவண்ணம் எதுவும் இருக்கக் கூடாது. அதே கெல்வின், அதே எக்ஸ்போஷர், கிராப் கிடையாது. நிறத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்க ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து எடுத்திருந்தால் இன்னும் நல்லது, அன்று என்னிடம் இல்லை. படம் பார்க்கச் சப்பென்று இருந்தது. அவருக்கு அதுதான் வேண்டும். அப்புறம் ஒன்று: கேமரா கடிகாரத்தில் தேதி சரியா என்று அவர் கேட்டபோதுதான் பார்த்தேன், ஒரு நாள் பின்தங்கியிருந்தது.

இனி வெட்கப்பட்ட கதை. பக்கத்தில் காட்டேஜ் வைத்திருக்கும் ஒருவர், வயதில் பெரியவர், படத்தைப் பார்த்துவிட்டு ஃபிளெக்ஸுக்கும் ஆன்லைன் விளம்பரத்துக்கும் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா பிப்ரவரினு தெரியக் கூடாது."

செய்து கொடுத்தேன். இருபது நிமிட வேலை. மஞ்சள் ஸ்லைடரைப் பச்சைப் பக்கம் தள்ளியதும் காய்ந்த புல் மழைக்காலப் புல்லானது. மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரை ஏற்றியதும் பின்னால் இருந்த மூன்று மலைகளும் பளிச்சென்று முன்னே வந்து நின்றன. டவரை அழித்தேன். வானத்துக்கு வேறொரு நாளின் மேகம். போட்டோஷாப்பில் 2020 முதல் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது, ஒரு பட்டனைத் தட்டினால் போதும்.

மார்ச் மாதம் வந்து தங்கியவர்கள் பச்சை எங்கே என்று கேட்டார்கள். அது எதிர்பார்த்ததுதான். டவர் விஷயம் வேடிக்கை: "அங்க போன் சிக்னல் கிடைக்குமா?" என்று தினமும் இரண்டு பேர் போன் செய்து கேட்கிறார்களாம். நான் அழித்தது அவருடைய நல்ல விளம்பரத்தை. நான் எதிர்பார்க்காதது மலை. மதுரையில் இருந்து வந்த ஒரு குடும்பம் படத்தில் இருந்த மூன்றாவது மலைவரிசையைக் காட்டி, டிபன் முடித்துவிட்டு அங்கே நடந்து போய் மதியம் திரும்பிவிடலாமா என்று கேட்டார்களாம். நடுவில் பள்ளத்தாக்கு, காடு. ஒரு பகல் போதாது, வனத்துறை அனுமதியும் வேண்டும்.

தவறு அவர்களுடையது அல்ல. இவ்வளவு தூரத்து மலைகளை நம் கண் அளப்பது பெரும்பாலும் காற்றை வைத்துத்தான். காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிக்கிறது. நமக்கும் மலைக்கும் நடுவே காற்று கூடக் கூட மலை நீலமாகும், வெளிறும். பனியின் நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிப்பதால் அது வெள்ளை. டீஹேஸ் இந்த வெளிறலைத்தான் துடைக்கிறது. துடைத்ததும் கூடவே கிலோமீட்டர்களும் போய்விடுகின்றன.

பச்சையில் நடந்தது இன்னும் மோசம் என்பேன். மூலப்படத்தில் சோலைக்காடு கரும்பச்சை, நடுநடுவே செந்தளிர். வாட்டில் சாம்பல் கலந்த பச்சை. புல் வைக்கோல். ஸ்லைடரைத் தள்ளியபோது மூன்றும் ஒரே பச்சையாகிவிட்டன. அந்த மாணவி வருடக்கணக்காகக் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டிருந்ததை நான் இருபது நிமிடத்தில் கலந்துவிட்டேன். பிப்ரவரியில் இந்த மலையில் புல் காய்வது நோய் அல்ல, அது அதன் பருவம். காய்ந்திருப்பதைத் தரிசு என்று பார்த்துப் பார்த்துத்தான் இங்கே எத்தனையோ புல்வெளியில் வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். அதே பார்வைக்கு நானும் ஒரு படம் செய்து கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு இன்னொருவர் வந்தார். இதே படத்தில் அந்தப் புல்சரிவை ஊதாவாக்கித் தர முடியுமா, குறிஞ்சி பூத்த மாதிரி இருக்குமே என்றார். முடியும், பத்து வினாடி. ஆனால் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030-இல். அந்தப் படத்தை நம்பி இ-பாஸ் எடுத்து மலையேறி வரும் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? மாட்டேன் என்றேன். வேறு யாரிடமாவது போயிருப்பார்.

படம் பார்க்கிறவர்களுக்கு: மலை விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் யாரோ ஸ்லைடரைப் பலமாக இழுத்திருக்கிறார்கள். பக்கத்து மரமும் தூரத்து மலையும் ஒரே கூர்மையில் இருந்தால் தூரத்தை நம்ப வேண்டாம். எல்லா மரமும் ஒரே பச்சையாக இருந்தால் மாதத்தை நம்ப வேண்டாம். வானத்தில் சூரியன் ஒரு பக்கமும் மரநிழல் பொருந்தாத பக்கமும் இருந்தால் வானம் இரவல். எடிட் செய்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக்கில் கை வைக்காதீர்கள், வானம் பட்டை பட்டையாக உடையும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படத்துக்குக் கீழே எடுத்த மாதத்தை எழுதுங்கள். ஒரு சொல்தான். நான் இப்போது எழுதாமல் எந்தப் படத்தையும் கொடுப்பதில்லை.

அந்த ஃபிளெக்ஸ் இன்னும் காட்டேஜ் வாசலில் தொங்குகிறது. வெயில் பட்டு மஞ்சளும் சிவப்பும் முதலில் போய், இப்போது முழுக்க நீலமாகிவிட்டது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பெரியவர் கூப்பிட்டார். "தம்பி, வெளுத்துப் போச்சு. அதையே புதுசா அடிச்சுக் கொடு." அந்த ஃபைல் வேண்டாம் ஐயா, ஐப்பசி மழை முடியட்டும், நவம்பர் கடைசியில் வந்து நிஜமாகவே பச்சையாக எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"டவரு?" என்றார்.

டவரோடுதான் என்றேன்.