பிரிதிறன்: ரெசல்யூஷன் என்ற சொல்லும் பத்தடித் தூரத்துக் கட்டிலும்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற வேலந்தாவளத்தில் என் அக்கா வீட்டுக்குப் போன மாதம் புது டிவி வந்தது. 43 அங்குலம், 4கே. அக்கா மகன் ஏற்கெனவே வைத்திருந்த பிளேஸ்டேஷன் 5 என்ற வீடியோ விளையாட்டுக் கருவியை அதில் மாட்டி, ரெசல்யூஷனை 1080-லும் 2160-லும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறான். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. டிவி வாங்கிய கடைக்குப் போன் போட்டதற்கு, "தெளிச்சம் கூட்டி வெச்சுப் பாருங்க" என்றார்களாம். கூட்டிப் பார்த்தான். கண் கூசியதுதான் மிச்சம். அப்புறம் எனக்குப் போன் வந்தது.

"மாமா, ரெசல்யூஷன்னா தெளிவுதானுங்களே? அப்பறம் ஏன் தெளிவாகவே இல்லை?"

சிக்கல் அந்தச் சமன்பாட்டிலேயே இருக்கிறது. ரெசல்யூஷன் என்றால் தெளிவு என்று பல இடங்களில் எழுதிவிட்டோம். 'தெளிவுத்திறன்' என்று மென்பொருள்களிலும் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இது இன்னும் குழப்பும். வாளையாறு தாண்டினால் மலையாளத்தில் 'தெளிச்சம்' என்பது ஒளியையும் குறிக்கும், தெளிவையும் குறிக்கும். விளக்குக்குத் தெளிச்சம் உண்டு, படத்துக்கும் உண்டு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதித் தமிழிலும் அந்தச் சொல் அப்படியே புழங்குகிறது. ஆகவே கடைக்காரர் தவறான ஆலோசனை சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் காதில் விழுந்த சொல்லுக்கு அதுதான் பொருள்.

டிவியோடு வந்த கையேட்டில் இன்னொரு மொழிபெயர்ப்பு இருந்தது: 'திரைத் தீர்மானம்'. சட்டமன்றத்தில் நிறைவேற்றுவதும் ரெசல்யூஷன், திரையில் இருப்பதும் ரெசல்யூஷன் என்பதால் வந்த வினை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்று நம்பி அகராதியின் முதல் வரியை எடுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும். இதைப் படிக்கிற பையன் டிவி எதைத் தீர்மானிக்கிறது என்று எங்கே போய்க் கேட்பான்?

ஆனால் இரண்டு பொருளும் ஒரே வேரிலிருந்து வந்தவை. லத்தீனில் 'சோல்வெரே' என்றால் அவிழ்த்தல், தளர்த்தல். முன்னொட்டுச் சேர்ந்த 'ரெசோல்வெரே' கட்டை அவிழ்த்துக் கூறு கூறாக்குவதைச் சொன்னது. சிக்கலை அவிழ்த்தால் முடிவு கிடைக்கும், அந்த வழியில் தீர்மானம் என்ற பொருள் வந்தது. ஒன்றாகக் கலந்து கிடப்பதைக் கூறுகளாகப் பிரிப்பது என்ற பொருள் வேறு வழியில் போய் ஒளியியலுக்குள் நுழைந்தது. தமிழிலும் 'தீர்தல்' என்பதற்கு முடிதல் என்ற பொருளோடு விடுதல், நீங்குதல் என்ற பழைய பொருளும் உண்டு. இரண்டு மொழிக்காரர்களும் முடிச்சு அவிழ்வதையும் முடிவு பிறப்பதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து யோசித்திருக்கிறார்கள். என்றாலும் திரைக்கு நமக்கு வேண்டியது பிரிக்கிற கிளைதான்.

அந்தப் பொருளை அக்கா மகனுக்குச் சொல்ல எனக்குப் பனைதான் உதவியது. பாலக்காட்டுச் சமவெளியில் வரப்புகளின் மேல் நிற்கும் கரும்பனைகளைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கம் யாரும் இல்லை. தூரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது அடிவானத்தில் ஒற்றைப் பனை நிற்கும். பஸ் நெருங்க நெருங்க அது மெல்ல இரண்டாகும். பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு மரங்கள்தான், தூரத்தில் ஒன்றாகத் தெரிந்தன. வெயில் நன்றாக அடிக்கிறது, பார்வைக்குத் தடை எதுவும் இல்லை, எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு பனை ஒன்றாகத் தெரிகிறது. தெளிவு இருக்கிறது, பிரியவில்லை. ஒன்றாகத் தெரிவது எந்த இடத்தில் இரண்டாகிறதோ அந்த இடத்தைப் பற்றிய பேச்சுதான் ரெசல்யூஷன்.

இதற்குக் கணக்கும் உண்டு. 1879-ல் ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு, இரண்டு ஒளிப்புள்ளிகள் எவ்வளவு நெருங்கும் வரை கருவியில் இரண்டாகத் தெரியும் என்பதற்கு ஓர் எல்லை வகுத்தார். இயற்பியல் பாடத்தில் இன்றும் அவர் பெயரில்தான் அந்த நிபந்தனையைப் படிக்கிறோம். மனிதக் கண்ணுக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. குறையில்லாத சாதாரணப் பார்வைக்கு அது ஏறக்குறைய ஒரு கலை. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குப் பாகையும் கலையும் தெரிந்தவைதான்: ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் ஒரு கூறு ஒரு கலை. ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு பனைகள், கணக்குப்படி, சுமார் 3.4 கிலோமீட்டருக்கு அப்பால் ஒன்றாகிவிடும்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பகுதிறன், பிரிதிறன், தெளிதிறன், துல்லியம், நுணுக்கம் என்று பல சொற்கள் எழுதப்படுகின்றன. துல்லியம் வேறு வேலைக்குத் தேவைப்படுகிற சொல். அளவு சரியாக இருப்பதுதான் துல்லியம். நுணுக்கம் மிகவும் அகலமான சொல். தெளிதிறனை ஏன் விலக்குகிறேன் என்று மேலேயே சொல்லிவிட்டேன். மிச்சம் இரண்டும் இயற்பியல் பாடத்தில் நுண்ணோக்கிக்கும் தொலைநோக்கிக்கும் வழங்குகிற சொற்கள். பகுதிறன் தவறே இல்லை. ஆனால் 'பகு' என்றதும் வகுத்தல் கணக்கும் பகுதியும் நினைவுக்கு வருகின்றன. என் தேர்வு பிரிதிறன்.

'பிரி' என்ற வேர் தானாகப் பிரிவதற்கும் பிறர் பிரிப்பதற்கும் பொது. கயிறு பிரிகிறது, கயிற்றைப் பிரிக்கிறோம். திரையிலும் இரண்டும் நடக்கிறது: புள்ளிகள் பிரிந்து நிற்கின்றன, கண் அவற்றைப் பிரித்து அறிகிறது. ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை, அதனால் வல்லெழுத்து மிகாது. 'பிரித்திறன்' என்று எழுதுவது பிழை. எங்கள் ஊர்க் காதுக்கு இந்தச் சொல் புதிதும் இல்லை. கோவைப் பக்கம் பெரிய சாலையிலிருந்து ஊருக்குள் கிளைச்சாலை போகும் இடத்துக்குப் பேரே 'பிரிவு'தான். கண்டக்டர் அப்படித்தான் கூவுவார். எல்லை தாண்டி 'பிரிவு' என்றால் கோயிலுக்கோ சங்கத்துக்கோ பணம் வசூலிப்பது என்ற பொருளும் சேர்ந்துகொள்ளும். ஆனால் பிரிதிறன் என்று முழுச்சொல்லாகச் சொன்னால் அந்தக் குழப்பம் வராது.

இதன் கூடப்பிறந்த சொல் பிக்சல். படம், கூறு என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை நறுக்கி ஒட்டியது. 1965-ல் அமெரிக்கப் பொறியாளர் பிரெட்ரிக் பில்லிங்ஸ்லி, நிலவுக்கும் செவ்வாய்க்கும் போன விண்கலங்கள் அனுப்பிய படங்களைப் பற்றி எழுதும்போது அச்சில் பயன்படுத்தினார். படவணு என்றும் படப்புள்ளி என்றும் தமிழில் எழுதுகிறோம். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற நமக்குப் படப்புள்ளியே போதும் என்பது என் எண்ணம். அதே வாசலில் ஏழு புள்ளிக் கோலமும் போடலாம், பதினைந்து புள்ளிக் கோலமும் போடலாம். எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்ப்பவருக்கு எது எத்தனை புள்ளி என்று தெரியாது.

டிவிப் பெட்டியில் அச்சிட்டிருப்பது புள்ளிக் கணக்கு மட்டும். ஃபுல் எச்டி என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080, மொத்தம் 20,73,600 புள்ளிகள். 1440 என்பது 2560-க்கு 1440, மொத்தம் 36,86,400. 4கே என்பது 3840-க்கு 2160, மொத்தம் 82,94,400, அதாவது ஃபுல் எச்டியைப் போல் சரியாக நான்கு மடங்கு. 1080 என்ற பேர் நெடுக்கு வரிசையை எண்ணி வந்தது, 4கே என்ற பேர் குறுக்கு வரிசை நாலாயிரத்தை ஒட்டி வருவதால் வந்தது. இப்படி ஆளுக்கொரு பக்கம் எண்ணிப் பேர் வைத்ததால் வாங்க வருபவர்கள் குழம்புவதில் வியப்பே இல்லை.

இந்த எண்ணிக்கையையே பிரிதிறன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கறாராகப் பார்த்தால் புள்ளி எண்ணிக்கை, திரையின் அளவு, உட்காரும் தூரம் மூன்றும் சேர்ந்தால்தான் கண்ணுக்குப் பிரிதிறன். ஒரு கலைக் கணக்கைத் திரைக்குப் போட்டால் கையில் பிடிக்க எளிய வாய்பாடு ஒன்று கிடைக்கிறது. திரையின் மூலைவிட்டத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரத்தைத் தாண்டினால் ஃபுல் எச்டியின் புள்ளிகள் கண்ணுக்குப் பிரியாது. அதற்குமேல் 4கே இருந்தும் புள்ளிக்கணக்கில் லாபமில்லை. 4கே முழுதும் தெரிய வேண்டுமானால் முக்கால் மடங்குத் தூரத்துக்குள் உட்கார வேண்டும். குறுக்கே 1280, நெடுக்கே 720 புள்ளி மட்டும் உள்ள 720-க்கு எல்லை இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல்.

இப்போது அக்கா வீட்டுக்கு வாருங்கள். ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், டிவி ஒரு சுவரில், கயிற்றுக் கட்டில் எதிர்ச்சுவரில். நடுவில் பத்தடி. 43 அங்குலத் திரைக்கு ஃபுல் எச்டியின் எல்லை சுமார் ஐந்தரை அடி. 720-ன் எல்லைகூட எட்டரை அடிக்குள் முடிந்துவிடுகிறது. பையன் பத்தடியில் படுத்துக்கொண்டு 1080-க்கும் 2160-க்கும் வித்தியாசம் தேடியிருக்கிறான். டிவியிலும் பழுதில்லை, கண்ணிலும் பழுதில்லை. பனை இரண்டும் ஒன்றாகத் தெரிகிற தூரத்தில் கட்டில் கிடந்தது.

55 அங்குலத் திரை என்றால் அந்த எல்லை ஏழடியைக் கொஞ்சம் தாண்டும். அதற்குள் உட்கார்ந்து ஆடுபவருக்கு 4கே தெரியும், நெருங்க நெருங்க நன்றாகத் தெரியும். 32 அங்குல டிவி படுக்கையறையில் இருந்தால் நாலடிக்கு அப்பால் ஃபுல் எச்டியே போதும், 4கே-க்குக் காசு கொடுக்க வேண்டாம். மேசையில் வைக்கும் மானிட்டருக்கு நியாயம் வேறு. முகத்துக்கு இரண்டு, இரண்டரை அடியில் இருக்கிற 27 அங்குலத்தில் 1440 அழகாகப் பொருந்தும். அதன் எல்லையே இரண்டரை அடியைத் தாண்டித்தான் வருகிறது. பிளேஸ்டேஷன் 5 வந்தபோது 1440-ஐத் தரவில்லை, 2022 செப்டம்பரில்தான் சேர்த்தார்கள். இன்னொரு விளையாட்டுக் கருவியான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் தொடக்கத்திலிருந்தே 1440-ஐக் குறிவைத்துச் செய்யப்பட்டது. 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சின் கைத்திரை வெறும் 720. அதைக் குறையாகச் சொல்பவர்கள் 6.2 அங்குலத் திரைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்: எல்லை ஏறக்குறைய 37 சென்டிமீட்டர், கையில் பிடித்து ஆடுகிற தூரம். அதே 720-ஐப் பெரிய டிவியில் நாலடியில் இருந்து பார்த்தால் ஓரங்கள் படிக்கட்டாகத் தெரியும். எண் ஒன்றுதான், பிரிதிறன் வேறு.

கூர்மையான பார்வையுள்ள இளவட்டங்களுக்கு ஒரு கலைக்கும் கீழே பிரியும், ஆகவே இந்த எல்லைகளைக் கோடு கிழித்த வேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விலை கூடிய 4கே திரைகள் பலவற்றில் கருமையும் வெண்மையும் நன்றாக விலகி நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தும் படம் நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் அது பெரும்பாலும் இதனால்தான். இதைத் தாராளமாகத் தெளிச்சம் என்று சொல்லுங்கள், பொருத்தமான சொல்தான்.

அமைப்பில் எதை வைப்பது? திரைக்கு எத்தனை புள்ளியோ அதையே கருவியிலும் வையுங்கள். 4கே டிவிக்கு 2160, ஃபுல் எச்டி டிவிக்கு 1080. விளையாட்டு உள்ளே குறைந்த புள்ளியில் வரைந்தாலும், கருவி அதைப் பெருக்கித் திரைக்கு ஏற்ப அனுப்பிவிடும்.

ஆனால் விளையாட்டுக்குள் இருக்கிற தேர்வில் நிதானம் வேண்டும். படத்தரம், வேகம் என்று இரண்டு முறைகள் பெரும்பாலும் இருக்கும். நொடிக்கு 60 படங்கள் வீதம் ஃபுல் எச்டி வரைய 12.4 கோடி புள்ளிகள், 4கே வரைய 49.7 கோடிக்கும் மேல். இந்தப் பாரம் தாங்காமல்தான் பல விளையாட்டுகள் படத்தர முறையில் நொடிக்கு 30 படங்களுக்கு இறங்குகின்றன. பந்தயமோ சண்டையோ ஆடும்போது கை அழுத்தியதும் திரை அசைய வேண்டும். கண்ணுக்குப் பிரியாத புள்ளிகளுக்காக அந்த வேகத்தை விட்டுக்கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. பத்தடியில் உட்காருபவர் யோசிக்காமல் வேகத்தை எடுக்கலாம். டிவியில் கேம் மோட் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், கை அழுத்தத்துக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் குறையும்.

அடுத்த ஞாயிறு நான் அக்கா வீட்டுக்குப் போனபோது கட்டிலைத் தொடவில்லை, அக்கா சீரியல் பார்க்கிற இடம் அது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை டிவிக்கு நாலடியில் இழுத்துப் போட்டேன். பையன் உட்கார்ந்து 1080-ல் கொஞ்ச நேரம், 2160-ல் கொஞ்ச நேரம் ஆடினான். தூரத்து மரத்தின் இலைகளையும் வேலிக் கம்பிகளையும் நின்று நின்று பார்த்தான். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னான்:

"இப்பப் பிரியுதுங்க மாமா."