எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் குழந்தை: கடையில் சொல்லாத விதிகள்

எங்கள் தெருவில் ஒரு பெண், மூன்று வயது மகனை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வேலைக்குப் போக எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினார். "லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம்" என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். வண்டி ரொம்ப மெதுவாகப் போகிறது என்று அவர் திரும்பப் போய்ச் சொன்னபோது, அதே கடையின் மெக்கானிக் சீட்டுக்கு அடியில் ஒரு வயரைக் கழற்றிவிட்டார். வண்டி 45 கிலோமீட்டர் வேகம் போக ஆரம்பித்தது. நான்கு மாதம் கழித்து ஒரு திருப்பத்தில் சறுக்கியது. பையனுக்குத் தாடை எலும்பு முறிந்தது. ரோட்டோரம் நின்றிருந்த பெரியவர் ஒருவருக்குக் கால் முறிந்தது.

அதற்குப் பிறகான அலைச்சலில் நானும் கூடவே இருந்தேன். காவல் நிலையத்தில் ஆர்.சி. எங்கே என்றார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இரண்டு நாள் காக்கவைத்து, "இது எங்கள் கணக்கில் வராத வண்டி" என்றார்கள். கடைக்காரர், "வயரைக் கழற்றியது யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பெரியவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்தப் பெண்ணின் நகை போனது. வண்டி வாங்கும் முன்பே இந்த விவரங்களை யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

விதி என்ன என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138ஆம் விதிக்கு 2022 பிப்ரவரி 15 அன்று ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள். ஓராண்டு கழித்து அது நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை டூ வீலரில் ஏற்றினால் மூன்று விஷயங்கள் கட்டாயம்: குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு அதன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம். நான்கு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவுப்படி ஹெல்மெட் கட்டாயம். பெட்ரோல் வண்டி, பேட்டரி வண்டி என்ற வேறுபாடு இதில் இல்லை. பதிவெண் உள்ள எல்லா இரு சக்கர வண்டிக்கும் பொருந்தும். மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் இடைநிறுத்தம்.

அபராதம் பெரிய விஷயமில்லை. பாதுகாப்புப் பட்டை எங்கே என்று எந்தப் போலீஸும் நிறுத்திக் கேட்டு நான் பார்த்ததில்லை. விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போதுதான் எதிர்த்தரப்பு வக்கீல் இதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்.

குழந்தையும் ஓர் ஆள்தான்

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அப்பா ஓட்ட, அம்மா பின்னால் உட்கார, நடுவில் குழந்தை. "சின்னப் பிள்ளைதானே, கணக்கில் வராது" என்று நினைக்கிறோம். 128ஆம் பிரிவு ஓட்டுபவரைத் தவிர ஒரே ஓர் ஆளைத்தான் அனுமதிக்கிறது. வயது விலக்கு எதுவும் அதில் இல்லை. கேரளத்தில் 2023 ஜூனில் சாலைக் கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கியபோது, சின்னப் பிள்ளையை மூன்றாவது ஆளாகக் கணக்கிட வேண்டாம் என்று அங்கிருந்து கோரிக்கை போனது. ஒன்றிய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. கார் வாங்க முடியாத குடும்பம் எப்படிப் போகும் என்ற கேள்விக்கு இன்று வரை பதில் இல்லை. இருந்தாலும் சட்டம் அப்படித்தான் நிற்கிறது.

அதே பிரிவில் பலரும் படிக்காமல் விடும் இன்னொரு வரி உண்டு. பின்னால் வருபவர், ஓட்டுபவரின் சீட்டுக்குப் பின்னால் பொருத்தப்பட்ட சரியான இருக்கையில்தான் உட்கார வேண்டும். ஸ்கூட்டரின் முன்னால், கால் வைக்கும் இடத்தில் குழந்தையை நிற்கவைப்பது சட்டப்படி தவறு. அங்கே பொருத்தச் சொல்லி விற்கும் குட்டி நாற்காலியையும் இந்த வரி ஏற்காது.

பேட்டரி வண்டியில் முன்னால் நிற்கும் குழந்தைக்குக் கூடுதலாக ஓர் ஆபத்து இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் சத்தம் கிடையாது. வண்டி ஆன் ஆகி இருக்கிறதா, ஆஃப் ஆகி இருக்கிறதா என்று காதுக்குத் தெரியாது. குழந்தையின் கை ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே இருக்கும். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் வண்டி அந்த நொடியே பாயும். கடை வாசலில் ஒரு கால் ஊன்றிப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோது வண்டி தானாகப் பாய்ந்து சுவரில் மோதியதை என் கண்ணால் பார்த்தேன். நின்றவுடன் சாவியைத் திருப்பி ஆஃப் செய்யுங்கள். பிறகே குழந்தையை ஏற்றவும் இறக்கவும் வேண்டும். குழந்தை இருக்கும்போது வேகத்தையும் இழுவையையும் குறைக்கும் எக்கோ மோடிலேயே கிளம்புங்கள், அந்தப் பாய்ச்சல் குறையும்.

பட்டையும் ஹெல்மெட்டும்

கடையில் பேபி பெல்ட் என்று கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். இடுப்பில் மட்டும் கட்டுவது, சீட்டோடு கட்டுவது இரண்டும் விதி சொல்லும் பட்டை அல்ல. விதிப்படி குழந்தைக்கு மேல்சட்டை போல ஒரு உடுப்பு. அதிலிருந்து வரும் பட்டைகள் குறுக்கே கடந்து இரண்டு பெரிய வளையங்களாக வரும். ஸ்கூல் பையை மாட்டுவதுபோல அவற்றை ஓட்டுபவர் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். 30 கிலோ எடையைத் தாங்க வேண்டும், இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் தரத்துக்கு இருக்க வேண்டும், நீளத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருக்க வேண்டும். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். மாட்டிக்கொண்டு நீங்கள் ஒரு பக்கமாகச் சாயுங்கள். குழந்தையின் மார்பு உங்கள் முதுகை விட்டு விலகினால் பட்டை தளர்வு என்று அர்த்தம். பத்து நிமிடம் போனாலே பின்னால் குழந்தை தூங்கிவிடும். தூங்கும் குழந்தை எதையும் பிடித்துக்கொள்ளாது, பட்டைதான் பிடித்திருக்க வேண்டும்.

துப்பட்டாவால் கட்டிக்கொள்வது போதும் என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. முடிச்சு அவிழ்ந்தால் துணி போய்ச் சேரும் இடம் பின் சக்கரம் என்பதை மட்டும் சொல்கிறேன். 123ஆம் விதி பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும், பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது. அது புடவைக்காக என்று நினைக்கிறோம். தொங்கும் குழந்தைக் காலுக்கும் அதுதான் காப்பு. விலை குறைந்த பல வண்டிகளில் அந்தத் தடுப்பு இருப்பதில்லை. கேட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் பாருங்கள். 2021 ஜூன் 1 முதல் முத்திரை இல்லாத டூ வீலர் ஹெல்மெட்டை விற்பதே தடை. ஆனாலும் ரோட்டோரக் கடைகளில் போலி முத்திரையோடு விற்கிறார்கள். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற மொபைல் செயலியில் போட்டால் அது யாருடையது என்று வந்துவிடும். நான்கு வயதுக்குட்பட்டவருக்கு ஐரோப்பியத் தரமான இ.என். 1078 அல்லது 1080 எண் உள்ள சைக்கிள் ஹெல்மெட்டையும் விதி ஏற்கிறது. எடை குறைவு என்பதால் சின்னக் கழுத்துக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம். வாரை மாட்டிவிட்டு ஹெல்மெட்டின் பின் விளிம்பைக் கையால் மேலே தள்ளிப் பாருங்கள். கண்ணை மறைத்துக்கொண்டு முன்னால் சரிந்தால் அளவு பெரிது. 'வளர்ந்தாலும் போட்டுக்கலாம்' என்று பெரிதாக வாங்காதீர்கள்.

9 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு விதியில் ஹெல்மெட்டே சொல்லப்படவில்லை. அதை வண்டியில் ஏற்றலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தலை நிற்காத குழந்தையை டூ வீலரில் ஏற்றாதீர்கள்.

'லைசென்ஸ் வேண்டாம்' வண்டி

மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவு, உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவு என்று அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனம் சான்று தந்தால், அந்த வண்டி சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே இல்லை. அதனால்தான் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம் என்கிறார்கள். அது உண்மைதான். அந்த வண்டியில் குழந்தைக்கான பட்டை விதியும் பொருந்தாது என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். விதி இல்லாவிட்டாலும் தார் ரோடு அதே தார் ரோடுதான். பட்டையும் ஹெல்மெட்டும் போட்டே ஏற்றுங்கள்.

வயரைக் கழற்றி வேகத்தைக் கூட்டிய கணமே அந்த விலக்கு போய்விடுகிறது. அன்றிலிருந்து நீங்கள் ஓட்டுவது பதிவு செய்யாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். யாருக்காவது அடிபட்டால் முழுத் தொகையும் உங்கள் கையிலிருந்து போகும். எனவே வாங்கும்போதே சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். புணே ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசர் ஐகேட் போன்ற நிறுவனங்கள் தருவது அது. சான்றில் உள்ள மாடல் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். 'லைசென்ஸ், பதிவு தேவையில்லை' என்பதைப் பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுங்கள். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

ஐந்து வருட இன்சூரன்ஸ் என்ற நம்பிக்கை

பதிவெண் உள்ள வண்டி வாங்கியவர்கள் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். புது வண்டிக்கு ஐந்து வருட பாலிசி கொடுத்திருப்பார்கள். பல நேரம் அந்த ஐந்து வருடம் தேர்டு பார்ட்டிக்கு, அதாவது உங்கள் வண்டியால் பாதிக்கப்படும் வெளியாளுக்கு, மட்டும்தான். முழு பாலிசி முதல் வருடத்தோடு முடிந்துவிடும். பாலிசித் தாளில் இரண்டு தேதிகள் தனித்தனியாக இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்து, நீங்களே சறுக்கி விழுந்தால், பின்னால் இருந்த உங்கள் குழந்தைக்கு அந்த பாலிசியில் ஒரு பைசா வராது. பின்னால் உட்கார்ந்து வருபவர் தேர்டு பார்ட்டி ஆக மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே சொல்லிவிட்டது. ஓட்டுபவருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடும் உரிமையாளருக்கு மட்டும்தான். புதுப்பிக்கும்போது முழு பாலிசியாக எடுங்கள். பின்னால் உட்காருபவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் சேர்க்க மாட்டார்கள்.

இன்னொரு வண்டி வந்து மோதினால் கதை வேறு. அந்த வண்டியின் இன்சூரன்ஸுக்கு உங்கள் குழந்தை தேர்டு பார்ட்டிதான், இழப்பீடு உண்டு. அங்கே "மூன்று பேர் போனீர்கள், உங்கள் மேலும் தப்பு" என்று சொல்லித் தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள். பயந்து சமரசத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று பேர் போனது மட்டுமே பங்குத் தவறு ஆகாது, அதனால்தான் விபத்தோ காயமோ நேர்ந்தது என்று காட்ட வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் வக்கீலிடம் இதைச் சொல்லுங்கள்.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலுக்காகக் காவல் நிலையத்தில் 'அடுத்த வாரம் வாங்க' என்று இழுத்தடித்தால், எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் அது உண்டு, முன்பணம் கேட்டால் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். குழந்தை அன்று போட்டிருந்த ஹெல்மெட்டையும் பட்டையையும் கழுவித் துடைத்துவிடாமல், கீறலும் மண்ணுமாக அப்படியே ஒரு பையில் கட்டி வையுங்கள். குழந்தையைப் பாதுகாப்பாகத்தான் கூட்டிப்போனீர்கள் என்று காட்ட வேறு சாட்சி பெரும்பாலும் இருக்காது.