வேலை போன வீட்டில் கவனிக்க வேண்டியவை

வேலை போனதும் ஆண்கள் முதலில் நாலு பேரைப் பார்ப்பதைத் தவிர்ப்பார்கள். மொய் எழுதக் காசில்லாததால் காதுகுத்து, சடங்கு எதற்கும் போகமாட்டார்கள். நடுராத்திரிவரை செல்போன், பகலெல்லாம் படுக்கை என்று ஆகிவிடும். மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார்கள், குடி கூடும். வீட்டார் இதைத் திமிர் என்கிறார்கள். பல நேரம் மனச்சோர்வுதான் இப்படி வெளிப்படுகிறது.

மதுரையில் கப்பலூர் கம்பெனியிலோ மாசி வீதி ஜவுளிக்கடையிலோ வேலை இழந்த பெண்ணை யாரும் வேலையில்லாதவராகவே நினைப்பதில்லை. "வீட்லதானே இருக்கா" என்று எல்லா வேலையும் அவர் தலையில் விழும். கையில் சொந்தக் காசு இருக்காது, கூட பஸ்ஸில் வந்த சேக்காளிகளும் இல்லை. ஆனால் மகளிர் குழுத் தவணை மட்டும் நாள் தவறாமல் வந்து நிற்கும். தலைவலி, உடம்புவலி, படபடப்பு என்று மெடிக்கலுக்கும் ஸ்கேனுக்கும் அலைவார். தூக்கம் எப்படி, அழுகை வருகிறதா என்று கேட்க ஆளிருக்காது.

1930 வாக்கில் ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற ஊரில் ஜவுளி ஆலை மூடிய பிறகு, சமூக உளவியலாளர் மரி யஹோடா குழுவினர் அங்கே ஆய்வு செய்தார்கள். ஆண்களின் நடை வேகமே குறைந்திருந்தது. பெண்களுக்கோ வீட்டு வேலை ஓயவில்லை. சம்பளத்தோடு நாளின் ஒழுங்கு, பழக்கவழக்கம், மரியாதை எல்லாமே போய்விடுகின்றன.

அதனால் ஆணுக்கு எழும் நேரத்தை நிலையாக்குங்கள். காலையில் அரை மணி நேரம் வெளியே நடக்கட்டும். வேலை தேடுவதற்கென ஒரு நேரம் ஒதுக்கி, மீதி நேரத்தில் வீட்டுப் பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள். தினமும் "என்ன ஆச்சு?" என்று துருவ வேண்டாம். பெண்ணுக்கு வேலையைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். தினம் ஒரு மணி நேரமாவது அவருக்கென்று விடுங்கள்.

சோர்வு, தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை 2 வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சாகலாம்போல் தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆமென்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, எலிமருந்தை வீட்டைவிட்டே அப்புறப்படுத்தி அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகலாம்; பத்து நாளில் "கேட்கல" என்று நிறுத்தக் கூடாது. தினமும் குடிப்பவரைத் திடீரென நிறுத்த வைத்தால் ஓரிரு நாளில் கைநடுக்கம், வலிப்பு வரலாம். எவ்வளவு குடிக்கிறார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.