டிஎன் 43 பிளேட்டும் சிவந்த கண்ணும்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். இம்யூனோதெரபி ஊசி ஆரம்பித்து இரண்டாவது மாதம் கண் சிவந்து, வெளிச்சமே ஆகவில்லை. மெட்ராஸ் ஐ என்கிறார்கள், பெரியம்மா திருஷ்டி என்கிறார். ஊசியால் இப்படி வருமா சார்?"

வரும். ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு.

கீமோ புற்றணுவை நேராக அடிக்கும். இந்த ஊசி அதைத் தொடுவதே இல்லை, நோயோடு சண்டை போடுகிற வெள்ளையணுக்களான நம் டி செல்களை அவிழ்த்துவிடுகிறது, அவ்வளவுதான். எப்படி? 2024 மே முதல் வெளியூர் வண்டி நீலகிரிக்கு ஏற இ-பாஸ் வேண்டும், டிஎன் 43 என்ற உள்ளூர் நம்பர் பிளேட் என்றால் வேண்டாம் இல்லையா? அந்த மாதிரி ஒரு பிளேட்தான் பிடி-எல்1 என்ற புரதம். அது மாட்டியிருக்கிற செல்லை டி செல் தன் பிடி-1 கையால் தடவிப் பார்த்து, நம்ம ஊர் வண்டி என்று விட்டுவிடும். புற்றணு செய்கிற திருட்டு என்னவென்றால், அதே பிளேட்டை மாட்டிக்கொண்டு ஜோராகப் போய்விடும். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் அந்த பிடி-1 கையைப் பொத்திவிடுகின்றன. பிளேட் இனி செல்லாது. இந்த வகை சிகிச்சைக்கு வழிதிறந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது.

சரி, பிளேட் செல்லாது என்றால் உண்மையான உள்ளூர் வண்டியும் மாட்டுமே! கண் அப்படித்தான் மாட்டுகிறது. கால் வீங்கினால் வடிந்துவிடும், விழித்திரை வீங்கினால் பார்வையே போகலாம். அதனால் கண் தனக்கென்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது: உள்ளே ரத்தக்குழாய்ச் சுவர்கள் இறுக்கமாக இருக்கும், அதையும் தாண்டி வருகிற டி செல்லிடம் "செத்துப்போ" என்று சொல்ல ஃபாஸ் லிகண்ட் என்ற புரதம் நிற்கும், கூடவே பிடி-எல்1. மருந்து கடைசியதைத் தட்டிவிட, யுவியா என்ற நடுப்படலம் அழல்கிறது. மெலனோமா என்ற நிறமி செல் புற்றுநோய் வந்தவர்களிடம் இன்னும் ஒரு வம்பு: புற்றணுவின் நிறமிப் புரதங்கள் யுவியாவிலும் இருப்பதால், அடையாளம் பழகிய டி செல் அங்கேயும் போய்விடும்.

எனக்குப் பிடித்தது இதைக் கண்டுபிடிக்கிற விதம். ஸ்லிட் லேம்ப் என்ற கண் டாக்டரின் கருவியில் மெல்லிய ஒளிக்கற்றையைக் கண்ணுக்குள் விட்டால், கசிந்த புரதத்தில் ஒளி சிதறிப் பாதை தெரியும், கோத்தகிரி மூடுபனியில் ஹெட்லைட் தெரிவதுபோல. அதில் வெள்ளையணுக்கள் தூசியாக மிதக்கும். தெளிந்த கண்ணில் அந்தப் பாதையே தெரியாது.

மெட்ராஸ் ஐ என்றால் பெரும்பாலும் நீர் வடியும், பீளை ஒட்டும். யுவியா அழற்சியில் வலி, வெளிச்சக் கூச்சம், மங்கல், கருவிழியைச் சுற்றிச் சிவப்பு. லேசானதென்றால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தோடு பல நேரம் ஊசியையும் தொடர்கிறார்கள். ஆனால் கடையில் நீங்களாகச் சொட்டு வாங்காதீர்கள், வைரஸ் புண்ணாக இருந்தால் ஸ்டீராய்டு கெடுத்துவிடும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். பெரியம்மா சுத்திப் போடட்டும், கண்ணுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நாள் தள்ளிப்போனால்தான் ஆகும். கண் டாக்டரிடம் போகும்போது புற்றுநோய் ஃபைலையும் எடுத்துப்போங்கள், இன்ன ஊசி போடுகிறோம் என்று முதலில் சொல்லுங்கள்.