நாயோட ஐரோப்பா டூரா? பாஸ்போர்ட்ல தேதியைப் பாருங்க முதல்ல

ஜெர்மனியில கால்நடை மருத்துவரா இருக்கேன். ஸ்கூல் லீவு நெருங்கினாலே கிளினிக்ல ஒரே பேச்சுதான், "டாக்டர், அடுத்த வாரம் இத்தாலி போறோம், நாய்க்கு ஒரு பாஸ்போர்ட் போட்டுக் குடுங்க". அந்த நீல கலர் புக்கை அன்னைக்கே குடுத்துடலாம். ஆனா ரேபிஸ் ஊசி இதுவரைக்கும் போடாத நாய்னா அடுத்த வாரம் கிளம்ப முடியாது, ஏன்னா முதல் ஊசி போட்டு 21 நாள் ஆனாதான் அது செல்லும். அந்த ஊசியையும் குட்டிக்கு 12 வாரம் ஆகாம போட்டா கணக்குல வராது. சில நாடுகள் மட்டும் சின்னக் குட்டிக்கு விலக்கு குடுக்குது.

வரிசை மாறினாலும் சிக்கல்தான். மைக்ரோசிப் வெச்ச பிறகுதான் ஊசி. ஒரே நாள்ல ரெண்டும் பண்ணலாம், ஆனா சிப் முதல்ல. (சிப்ல உங்க போன் நம்பர் கிடையாது, ஜிபிஎஸ்ஸும் கிடையாது, வெறும் 15 இலக்க நம்பர்தான். அதை டாஸ்ஸோ (செல்லப்பிராணிகளைப் பதியுற ஜெர்மன் அமைப்பு) மாதிரி ஒரு இடத்துல உங்க பேர்ல பதிஞ்சு வெக்கலைன்னா நாய் தொலைஞ்சா பிரயோஜனமே இல்ல.)

நான் பார்த்த வரைக்கும் அதிகம் பேர் மாட்டுறது பூஸ்டர்லதான். பாஸ்போர்ட்ல ஊசி எதுவரைக்கும் செல்லும்னு ஒரு தேதி இருக்கும், அதுக்குள்ள அடுத்த ஊசி போட்டுட்டா காத்திருக்கவே வேணாம், ஒரே ஒரு நாள் தள்ளிப்போனாலும் சட்டப்படி அது முதல் ஊசி, மறுபடி 21 நாள். வேன் புக் பண்ணி, கேம்பிங்குக்குப் பணமும் கட்டிட்டு வந்து "இத்தனை வருஷம் போட்டிருக்கோமே, எதிர்ப்பு சக்தி இருக்கும்ல?"னு கேக்குறாங்க. இருக்கலாம்ங்க, ஆனா செக் பண்றவர் புக்கைத்தான் பாப்பார். பழைய தேதியைப் போட்டுக் குடுங்கன்னும் கேப்பாங்க, அதை எந்த டாக்டர்கிட்டயும் கேக்காதீங்க.

"பார்டர்ல யாருமே பாக்குறதில்லையே"ங்கிறது பாதி உண்மை. ரோட்டுல பாக்காம விடலாம், ஃப்ளைட்லயும் கப்பல்லயும் ஏறும்போது கேப்பாங்க. மாட்டினா திருப்பி அனுப்புறதோ தனிமைப்படுத்துறதோ, செலவு உங்க தலையிலதான்.

சில நாடுகளுக்குப் போறவங்களுக்கு இன்னொரு கணக்கு. நார்வே, பின்லாந்து, அயர்லாந்து, மால்டா, பிரிட்டன் போற நாய்க்கு நாடாப்புழு மாத்திரை, அதுவும் அந்த நாட்டுக்குள்ள நுழையறதுக்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன்னாடி, டாக்டரே குடுத்து நேரத்தோட எழுதணும். வீட்டுல நீங்களே குடுத்தது செல்லாது. ஸ்வீடன்ல ஒரு வாரம் சுத்திட்டு நார்வே போறதா இருந்தா இங்க போட்டது காலாவதி ஆயிடும், ஸ்வீடன்லயே ஒரு கிளினிக்கைப் பிடிக்கணும். எதுக்கு இவ்ளோ கெடுபிடின்னா, இது நரிகிட்ட இருக்கிற புழு, நாய் வழியா மனுஷனுக்கு வந்தா கல்லீரல்ல கட்டி மாதிரி வளரும். பூனைக்கு இந்த மாத்திரை விதி இல்ல. பிரிட்டன் போறவங்களுக்கு ஒரு வரி: யூரோஸ்டார் ட்ரெயின்ல நாயை ஏத்த மாட்டாங்க, பிரான்ஸ்ல கலே பக்கம் போய் காரோட டனல் ட்ரெயின்ல ஏறலாம்.

இதெல்லாம் அந்தந்த நாட்டைக் காப்பாத்துற சட்டம். உங்க நாயைக் காப்பாத்துற விஷயம் பாஸ்போர்ட்ல இல்ல, அதனாலதான் யாரும் கேக்குறதும் இல்ல. ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ் பக்கம் லீஷ்மேனியான்னு ஒரு நோய், பரப்புறது மணல் ஈ. கொசுவை விடச் சின்னது, சத்தமே வராது, பொழுது சாஞ்சதுக்கப்புறம்தான் கடிக்கும். மாசக்கணக்கா, சில சமயம் வருஷக்கணக்கா ஒண்ணும் தெரியாது, அப்புறம் கண்ணைச் சுத்தி முடி கொட்டும், எடை குறையும், நகம் தாறுமாறா வளரும், கடைசியில கிட்னி போகும். மருந்து இருக்கு, கட்டுப்படுத்தும், பெரும்பாலும் முழுசா குணமாக்காது. டூர் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு வர்றதால டாக்டர்கிட்ட டூர் போனதைச் சொல்லணும்னே தோணாது, தயவுசெஞ்சு சொல்லுங்க.

மணல் ஈயை விரட்ட டெல்டாமெத்ரின்ங்கிற பூச்சி மருந்து இருக்கிற காலரை ஒரு வாரம் முன்னாடியே கட்டிடுங்க, கிளம்புற அன்னைக்குக் கட்டினா முழுசா வேலை செய்யாது. ராத்திரி நாயை உள்ளேயே படுக்க வையுங்க. உண்ணி மருந்து எல்லாமே மணல் ஈயை விரட்டும்னு நினைக்காதீங்க, மாத்திரையா குடுக்கிறது கடிச்ச பிறகுதான் கொல்லும்.

வீட்டுல பூனையும் இருந்தா பெர்மெத்ரின்ங்கிற பூச்சிக்கொல்லி இருக்கிற நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுடாதீங்க, போட்ட நாய் மேல மருந்து காயறவரைக்கும் பூனையைப் பக்கத்துல விடாதீங்க. பூனையோட உடம்பால அதைச் சமாளிக்க முடியாது, நடுக்கம் வரும், வலிப்பு வரும், செத்தும் போகும். தெரியாம பட்டுட்டா வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற சோப்பு போட்டுக் கழுவிட்டு உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க, மருந்து பாக்கெட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.