பிஸ்டனை வெட்டும் முன் களிமண்ணை வையுங்கள்

பாளையங்கோட்டை, பேட்டை, மேலப்பாளையம் என்று எந்தப் பக்கமிருந்து பையன்கள் பட்டறைக்கு வந்தாலும் கேள்வி ஒன்றுதான். "அண்ணாச்சி, பிளாக்கை அரை மில்லி சீவிட்டா வண்டி நல்லா இழுக்கும்லா?" பிளாக் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் கட்டை. அதன் மேல்முகத்தைச் சீவினால் இழுக்கும், பொய்யில்லை. ஆனால் சீவியதும் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே என்ன மிச்சமிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கணக்கைப் பார்ப்போம். போர் (சிலிண்டரின் விட்டம்) 57 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 58.6 மி.மீ., கம்ப்ரஷன் (கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு) 9.5 உள்ள 150 சி.சி. வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் தலைக்கு மேல் இருக்கும் இடம் 17.6 சி.சி. பிளாக்கின் மேல்முகத்தை அரை மில்லி சீவினால் அதில் 1.28 சி.சி. குறையும், கம்ப்ரஷன் 10.2-க்குப் பக்கம் ஏறும். பையனுக்கு சந்தோஷம். ஆனால் பிஸ்டன் அரை மில்லி மேலே வந்துவிட்டது, வால்வு இறங்கும் ஆழமோ மாறவில்லை. முட்டாமல் இருக்க பிஸ்டன் தலையில் உள்ள வால்வு பாக்கெட்டுகளை, அதாவது வால்வுக்கு இடம் விடும் குழிகளை, ஆழமாக்க வேண்டும். ரெண்டு பாக்கெட்டிலும் சேர்த்து முக்கால் சி.சி. வெட்டினால் கம்ப்ரஷன் திரும்பவும் 9.8-க்கு வந்து நிற்கும். சீவுகிற கூலி, லேத் கூலி, புது கேஸ்கெட் எல்லாம் கொடுத்து கைக்கு வந்தது கால் பாயிண்ட். கூட்டுவதும் குறைப்பதும் ஒரே இடத்தில்தான் நடக்கிறது. இந்தக் கணக்கைப் போடாமல் பிஸ்டனை லேத்துக்கு அனுப்புவதுதான் எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம்.

இன்னொன்றையும் பல மெக்கானிக்குகள் கவனிப்பதில்லை. ஓவர்ஹெட் கேம் வண்டியில், அதாவது வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஹெட்டிலேயே இருந்து செயினால் சுற்றும் வண்டியில், பிளாக்கைச் சீவினால் கேமும் அரை மில்லி கீழே இறங்கும். செயினில் விழும் தொய்வை டென்ஷனர் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். கேம் கொஞ்சம் பிந்தும். அரை மில்லிக்கு கிராங்க் கணக்கில் சுமார் 2 டிகிரி. கேம் பிந்தினால் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாகத் திறக்கும், அந்தப் பக்கம் பரவாயில்லை. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வும் தாமதமாகத்தான் மூடும், அங்கேதான் வினை. பிஸ்டன் மேலே ஏறி வரும்போது எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் முழுசாக மூடியிருக்காது. சூட்டில் நீண்டிருக்கும் வால்வும் அதுவே. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதிக ஆர்.பி.எம்.மில் மூடவே நேரமில்லாமல் பிஸ்டன் அதைப் போய் இடிக்கும். அதனால் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இன்டேக்கில் 2 மி.மீ. இடைவெளி விட்டால் எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. விடுவது என் வழக்கம்.

இதை அளக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிள்ளைகள் பொம்மை செய்யும் களிமண்ணை பிஸ்டன் தலையில் பாக்கெட் இருக்கும் இடத்தில் தடிப்பாக அப்புங்கள். ஒட்டாமல் இருக்க வால்வு முகத்தில் எண்ணெய் தடவுங்கள். ஏற்கெனவே நசுங்கிய பழைய கேஸ்கெட்டை வைத்து, ஹெட்டை டார்க் ரெஞ்சில் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கி, டேப்பெட் இடைவெளி சரிபார்த்து, செயினும் டென்ஷனரும் மாட்டிவிட்டு, பிளக்கைக் கழற்றி கிராங்கைக் கையால் ரெண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் அமுக்கித் தள்ளாதீர்கள், நிறுத்திவிடுங்கள். ஹெட்டைக் கழற்றி, களிமண்ணில் வால்வு பதிந்த இடத்தைப் பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை வெர்னியரில் அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். வால்வின் விளிம்பு பாக்கெட் சுவரை உரசுகிறதா என்பதும் அதிலேயே தெரியும். சுற்றிலும் ஒரு மில்லியாவது இடம் வேண்டும்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அடுத்து அளக்க வேண்டியது பிஸ்டன் தலையின் தடிமன். வெட்டிய பிறகு பாக்கெட்டின் அடியில் 5 மி.மீ. நிற்காது என்றால் அந்தப் பிஸ்டனை நான் தொடுவதில்லை. சின்ன வண்டிகளில் பெரும்பாலும் வெட்டாமலே அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. பாக்கெட்டின் ஓரம் மேல் ரிங் காடிக்கு எவ்வளவு நெருக்கம் என்பதையும் பாருங்கள். பிஸ்டன் செய்யும் அலுமினியம்-சிலிக்கான் கலவை 577 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். அதற்கு ரொம்ப முன்னால், 300 டிகிரியிலேயே பலம் பாதியளவுக்கு இறங்கிவிடும். மெலிந்த தலையில் ஓட்டை விழ அதுவே போதும்.

பிஸ்டனை லேத் சக்கில் ஸ்கர்ட்டைப் பிடித்து இறுக்குகிறார்கள். ஸ்கர்ட் வட்டமே இல்லை, லேசான நீள்வட்டம். இறுக்கினால் வடிவம் கெடும். பின் துளையில் பிடித்து, மில்லிங் மெஷினில், வால்வு சாய்ந்திருக்கும் அதே கோணத்தில் வெட்ட வேண்டும். வால்வு முகத்தில் உப்புத்தாள் ஒட்டி, டிரில்லில் மாட்டிச் சுற்றிப் பாக்கெட் போடுகிற கைவேலையும் நடக்கிறது. பாக்கெட் விழத்தான் செய்யும். அந்தத் தூள் வால்வு கைடுக்குள் போய் அதைத் தின்றுவிடும், அப்புறம் மாதக்கணக்கில் புகை. வெட்டிய விளிம்புகளைக் கட்டாயம் மழுக்குங்கள். கூரான முனை பழுத்துச் சிவந்து, பிளக் பொறி விடும் முன்னே பெட்ரோலைப் பற்றவைக்கும்.

கம்ப்ரஷன் கூட்ட பிஸ்டன் தலையில் ஆர்கான் வெல்டிங் வைத்து மேடு கட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சூடேற்றிப் பதப்படுத்திய உலோகம் வெல்டிங் சூட்டில் இளகிவிடும். வேறு மாடலின் மேட்டுத்தலை பிஸ்டன் பொருந்துமா என்று பாருங்கள்: பின் தடிமன், பின் நடுவிலிருந்து தலை வரை உள்ள உயரம், ரிங் நிற்கும் இடம், இந்த மூன்றும் ஒத்துவர வேண்டும்.

டிராக்டர், லோடு ஆட்டோ டீசல் ஹெட்டைச் சீவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வால்வு முகம் ஹெட் மட்டத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருந்ததோ, சீவிய பிறகு, பிஸ்டனில் முட்டாமல் இருக்க, வால்வு அமரும் சீட்டை வெட்டி அதே ஆழத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும்.

போர் கிட் (பெரிய சிலிண்டரும் பிஸ்டனும்) போட்டு சி.சி.யையே கூட்டினால் அது ஆர்.சி.யோடு ஒத்துப்போகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதற்கு இடம் தருவதில்லை. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

எல்லாம் சரியாக முடித்தாலும் சோதனை ரோட்டில்தான். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. ஆனி மாதக் காற்றில் நாங்குநேரி, வள்ளியூர் தாண்டி பணகுடிப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே எதிர்காற்றில் போனால் திராட்டில் முழுசாகத் திறந்தே நிற்கும். அப்போது சில்லறையைக் குலுக்குகிற மாதிரி சத்தம் வந்தால் அது நாக்கிங், கலவை தானாக வெடித்து இடிப்பது. உடனே திராட்டிலைக் குறைத்து வண்டியை ஓரம் கட்டுங்கள். சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். வெறும் வெளுப்பு என்றால் பெட்ரோல் கலவையையும் டைமிங்கையும் பார்க்கலாம். மின்னுகிற சின்னப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அதற்கு மேல் ஸ்டார்ட் செய்யாதீர்கள், லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்புங்கள்.