9 சுற்றை 6 ஆக்கினேன்

பம்ப் மோட்டார், வெட் கிரைண்டர் மோட்டார் என்று கோவைப் பட்டறைகளில் கை பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எரிந்த காயிலை வெட்டி எடுப்போம், சுற்றை எண்ணுவோம், கேஜ் பார்ப்போம், இருந்தது இருந்தபடியே கட்டிவிடுவோம். மின்னோட்டம் சட்டென்று ஏறி இறங்குவதைக் காயில் தடுக்கும் குணமான இண்டக்டன்ஸ் என்ற பேச்சே அங்கே வராது. 'தன் மின்தூண்டல் எண்' என்று படித்துப் பரீட்சை எழுதியதோடு சரி. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டாரைத் தொட்ட பிறகுதான் அது என்னைத் தேடி வந்தது.

வந்தது ஒரு 250 வாட், 48 வோல்ட் வண்டி. தண்ணீர் புகுந்து வைண்டிங் போயிருந்தது. கொண்டு வந்த தம்பி, "கட்டறதுதான் கட்டறீங்க, கொஞ்சம் வேகம் வர்ற மாதிரி கட்டிக் குடுத்துருங்கண்ணா" என்றான். பழைய காயிலில், கம்பி சுற்றும் இரும்புப் பல் ஒன்றுக்கு 9 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்து போகும் கம்பி 8 இழை. நான் 6 சுற்றாக்கி, 12 இழை போட்டேன். இரண்டிலும் பல்லுக்கு 72 கம்பிதான், பற்களுக்கு நடுவேயுள்ள இடைவெளியான ஸ்லாட் அதே அளவுக்கு நிறைந்தது. ஸ்டாண்டில் ஓட்டிப் பார்த்தேன். வேகம் ஒன்றரை மடங்கு, சத்தம் இல்லை, சூடு இல்லை. அன்றைக்கு என்னைவிடக் கெட்டிக்காரன் ஊரில் இல்லை.

பதினோராம் நாள், பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலர் போனது. அதற்குள் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் ஷார்ட். புதிதாக வாங்கி மாட்டியதும் சில நாளில் அதே கதி. மட்டமான சரக்கு என்று கண்ட்ரோலரைத் திட்டினேன். பிறகு இண்டக்டன்ஸ் அளக்கும் ஒரு எல்சிஆர் மீட்டர் கடன் வாங்கி, அதே மாடல் நல்ல மோட்டார் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, மோட்டாரிலிருந்து வரும் மூன்று ஃபேஸ் வயர்களில் இரண்டுக்கு நடுவே அளந்தேன். நல்லதில் 270 மைக்ரோஹென்றி. நான் கட்டியதில் 120.

மூன்று சுற்றுதானே எடுத்தேன், பாதிக்கும் கீழே எப்படிப் போனது? ஒவ்வொரு சுற்றும் தன் பங்குக்குக் காந்தப்பாயத்தை உண்டாக்குகிறது. அந்தப் பாயம் எல்லாச் சுற்றுகளின் வழியாகவும் போகிறது. ஆகவே இண்டக்டன்ஸ் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தோடு மாறும். 6-ஐ 9-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 9-ல் 4 பங்கு. 270-ல் அது சரியாக 120.

கண்ட்ரோலர் மோட்டாருக்குத் தொடர்ச்சியாக மின்சாரம் கொடுப்பதில்லை. விநாடிக்குப் பல ஆயிரம் முறை மாஸ்ஃபெட்டைப் போட்டு அணைக்கிறது. ஒவ்வொரு முறையும் மின்னோட்டம் ஏறி இறங்கும். அந்த ஏற்றத்தைத் தடுத்துப் பிடிப்பது இண்டக்டன்ஸ்தான். 48 வோல்ட், 16 கிலோஹெர்ட்ஸ், பாதி நேரம் ஆன் என்று கணக்கிட்டால், 270 மைக்ரோஹென்றியில் அந்த அலைவு ஏறக்குறைய 2.8 ஆம்பியர். 120-ல் 6.25 ஆம்பியர். 250 வாட் வண்டி பேட்டரியிலிருந்து இழுக்கும் சராசரியே 5 ஆம்பியரைச் சுற்றித்தான்.

இதைவிட மோசம், சக்கரம் நின்ற நிலையில் ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகுவது. அப்போது, சுற்றும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம் கிடையாது. 20 மைக்ரோவிநாடியில் பழைய வைண்டிங்கில் 3.6 ஆம்பியர் ஏறும் இடத்தில், என்னுடையதில் 8 ஏறும். கண்ட்ரோலர் விழித்துக்கொண்டு அணைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். போதாததற்கு, ஆம்பியருக்குக் கிடைக்கும் இழுவையும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்திருக்கிறது. அதே மேட்டில் ஏற ஒன்றரை மடங்கு ஆம்பியர் வேண்டும்.

நம் தொழிலில் பலர் சறுக்குவது இங்கேதான். இண்டக்‌ஷன் மோட்டாரில் சுற்றைக் குறைத்தால் லோடு இல்லாமல் ஓட்டும்போதே ஆம்பியர் ஏறிக் காட்டிக் கொடுத்துவிடும். இந்த ஹப் மோட்டார் போன்ற பிரஷ் இல்லாத மோட்டாரில் பாயத்தைத் தருவது நிலைக்காந்தம். அதனால் ஸ்டாண்டில் ஓட்டிப் பார்க்கும் சோதனை நம்மைப் பார்த்துச் சிரிக்கும், உண்மையைச் சொல்லாது.

இழையையும் சுற்றையும் குழப்பிக்கொள்பவர்களையும் பார்க்கிறேன். 8 இழையை 12 ஆக்கினால் ரெசிஸ்டன்ஸ் குறையும், இண்டக்டன்ஸ் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதைத் தீர்மானிப்பது சுற்று. நான் செய்ததில் ஒரே நல்ல காரியம், சுற்றைக் குறைத்த அளவுக்கு இழையைக் கூட்டியதுதான். அதனால் ரெசிஸ்டன்ஸும் 9-ல் 4 பங்கானது. ஒன்றரை மடங்கு ஆம்பியர் போனாலும் செம்பில் சூடு பழைய அளவேதான். இழையை 8-லேயே விட்டிருந்தால், அதே மேட்டில் காயிலும் ஒன்றரை மடங்கு சூடாகியிருக்கும்.

ஸ்டார், டெல்டா விஷயத்திலும் இதே ஆபத்து. மூன்று ஃபேஸின் ஒரு முனையை ஒன்றாகக் கட்டுவது ஸ்டார், மூன்றையும் முக்கோணமாக இணைப்பது டெல்டா. காயிலைத் தொடாமல் ஸ்டாரை டெல்டாவாக மாற்றிக் கட்டினால் வேகம் 1.73 மடங்கு, வயர்களுக்கு நடுவே இண்டக்டன்ஸ் மூன்றில் ஒரு பங்கு. பத்து நிமிட வேலை என்பதால் கை அரிக்கும். வேண்டாம். அலை வடிவம் சரியில்லாத மோட்டாரில் டெல்டாவுக்குள்ளேயே மின்னோட்டம் சுற்றி வந்து வீண் சூடும் கிளப்பும். அதே சமயம், 10 சுற்று ஸ்டாருக்குப் பதிலாக 17 சுற்று டெல்டா கட்டினால் வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தடித்த கம்பி ஸ்லாட்டில் மடங்காதபோது இந்த வழி உதவும். தொடரில் இருந்த காயில்களை இரண்டு இணைக்கிளைகளாகப் பிரித்தால் இண்டக்டன்ஸ் கால் பங்கு. அதிலும் ஒரு கிளையில் ஒரு சுற்று எண்ணத் தவறினால் கிளைகளுக்குள்ளேயே சண்டை ஆரம்பம்.

மாதிரி விமானம், டிரோன் மோட்டார் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 12 ஸ்லாட், 14 காந்தம் உள்ள மோட்டாரின் ஸ்டேட்டரில் (சுற்றாமல் நிற்கும் பகுதியில்) எல்லாப் பல்லிலும் சுற்றலாம், ஒன்றுவிட்டு ஒன்றிலும் சுற்றலாம். சுற்றின் பலன் எவ்வளவு முழுதாகக் கிடைக்கிறது என்று காட்டும் வைண்டிங் ஃபேக்டர் 0.933, 0.966 என்று பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று சுற்றும்போது இண்டக்டன்ஸ் கூடுதலாக வரும், ஒரு ஃபேஸ் இன்னொன்றைத் தொந்தரவு செய்வதும் குறையும்.

இப்போது எல்சிஆர் மீட்டர் சொந்தமாகவே வைத்திருக்கிறேன். பிரிக்கும் முன் ஒருமுறை, வார்னிஷுக்கு முன் ஒருமுறை, மூன்று ஜோடி வயரையும் 1 கிலோஹெர்ட்ஸில் அளந்து எழுதுகிறேன். ரோட்டரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியும் பார்க்க வேண்டும், சில மோட்டாரில் அளவு இடத்துக்கு இடம் மாறும். ஒரு ஜோடி மட்டும் எந்த இடத்திலும் குறைவாகவே காட்டினால் எங்கோ சுற்றுக்குச் சுற்று ஷார்ட், அல்லது எண்ணிக்கைப் பிசகு. மில்லி ஓம் கணக்கில் இருக்கும் ரெசிஸ்டன்ஸை வைத்துச் சாதாரண மல்டிமீட்டர் இதைப் பிடிக்கவே பிடிக்காது.

மோட்டாரின் அளவுகளை வைத்து மின்னோட்டத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கும் எஃப்ஓசி வகைக் கண்ட்ரோலரானால், சுற்றை மாற்றிய பிறகு மோட்டார் அளவுகளைப் புதிதாகக் கண்டறியச் செய்யாமல் வண்டியைக் கொடுக்காதீர்கள். பழைய இண்டக்டன்ஸை நம்பி அது மின்னோட்டத்தை விரட்டும். கீச்சென்று கத்தும், அல்லது ஓவர் கரண்ட் என்று நின்றுவிடும்.

வேகம் கேட்டு வருகிறவர்களிடம் இப்போது சட்டத்தையும் சொல்கிறேன். 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்டிருப்பதால்தான் இந்த வண்டிகளுக்குப் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். நான் கட்டிக் கொடுத்தது 37-ஐத் தொட்டது. விபத்து நடந்திருந்தால் அந்தத் தம்பி பதிவில்லாத மோட்டார் வாகனம் ஓட்டியவன் ஆகியிருப்பான்.

மூன்றாவது கண்ட்ரோலருக்கு நானே பணம் கொடுத்தேன். மோட்டாரைத் திரும்பப் பிரித்து, பழையபடி 9 சுற்று, 8 இழை கட்டினேன். அறுத்து எடுத்த அந்த 6 சுற்றுக் காயில் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. எனாமல் எங்கும் நிறம்கூட மங்கவில்லை.